வானில் ஒரு வண்டு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செராஸ் சாலை நெரிசலில் தினமும் காத்துக் கிடப்பவர்களில் எத்தனை பேர் அங்குள்ள கிறிஸ்துவ இடுகாட்டின் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் உயிரிழந்த பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்கள் பலர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கட்டாய இராணுவச் சேவைக்காகக் கப்பலேறி வந்து, வந்த இடத்திலேயே மண்ணாகிப் போன இளைஞர்களும் அவர்களில் உண்டு. அன்றைய பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியின் கல்லறையும் அதே இடுகாட்டில்தான் இருக்கிறது.

கர்னி எப்படி இறந்தார்? 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைக்குக் காரில் சென்று கொண்டிருந்தார். மலைப்பாதை வளைவொன்றில் கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் பதுங்கியிருந்தார்கள். வந்தவுடன் சுட்டுவிடவில்லை. ஒரு நாளுக்கும் மேலாக அதே இடத்தில், சாலையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். அத்தனை நேரமும் அவர்களை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தக் கல்லறை செராஸில் இருந்திருக்காது.

அந்தப் போர் முழுவதுமே கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்த போர்தான். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விமானப்படைகளின் லிங்கன் குண்டுவீச்சு விமானங்கள் காட்டின் மீது டன் கணக்கில் குண்டுகளைக் கொட்டின. மரக்கூரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பது விமானிக்குத் தெரியாது. பெரும்பாலும் மரங்கள்தாம் முறிந்தன. ஆஸ்டர் என்ற சிறு விமானங்கள் தாழப் பறந்து, காட்டுக்குள் புதிதாக வெட்டிய மரவள்ளித் தோட்டம் ஏதும் தெரிகிறதா என்று தேடின. காட்டைப் பார்க்க முடியாத அரசு, ஆட்களைப் பார்வைக்குள் கொண்டு வந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். தோட்டத்து லயங்களும் வேலிக்குள் சேர்க்கப்பட்டன. பால்வெட்டப் போகிறவர்கள் கையில் சோற்றுப் பொட்டலம் இருக்கிறதா என்று வாசலில் சோதனை நடந்ததைத் தோட்டத்துப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒளிந்துகொள்ள இடம் இருப்பதுதான் தரைப்போரின் அடிப்படை என்று உலகம் வெகுகாலம் நம்பியிருந்தது. காடு, பள்ளம், பதுங்குகுழி, இருட்டு இவைதாம் காலாட்படை வீரனின் கவசம். அந்தக் கவசம் இன்று கழன்று விட்டது.

உக்ரேன் போர் 2022 பிப்ரவரி 24இல் தொடங்கியபோது, டாங்கிகள் அணிவகுத்து வருவதையும் ஏவுகணைகள் பாய்வதையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். மூன்றே ஆண்டுகளில் அந்தக் காட்சி மாறிப் போனது. சுமார் 2,000 ரிங்கிட் பெறுமான ஒரு சிறு டிரோன், பல மில்லியன் ரிங்கிட் மதிப்புள்ள டாங்கியின் மேல்மூடியில் இறங்கி வெடிக்கிறது. அதை ஓட்டுபவர் பல கிலோமீட்டர் தொலைவில், ஏதோ ஒரு நிலவறையில், கண்களை மூடிய காட்சிக் கண்ணாடியை அணிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். டிரோனின் கேமரா பார்ப்பதை அவர் பார்க்கிறார். கடைசி நொடி வரை பார்க்கிறார். போர்முனை இழப்புகளில் சுமார் 70 விழுக்காடு டிரோன்களால்தான் என்று 2025இல் உக்ரேன் தரப்பினர் சொன்னார்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டிரோன்களைத் தயாரித்ததாக அந்நாடு அறிவித்தது.

இதனால் போர்முனை என்ற சொல்லின் பொருளே மாறியிருக்கிறது. முன்பு அது ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு பதுங்குகுழி, அந்தப் பக்கம் ஒரு பதுங்குகுழி. இப்போது அது பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை. அதற்குள் பகலில் நடமாடும் எதுவும் தப்புவது அரிது. உணவு கொண்டு போகும் வண்டி, தண்ணீர் சுமப்பவர், காயப்பட்டவரைத் தூக்கி வருபவர்கள் எல்லாருமே இலக்குகள்தாம். காயமடைந்தவரை ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்தால் பிழைப்பார் என்பது இராணுவ மருத்துவத்தில் பழைய கணக்கு. அங்கே நாள்கணக்கில் பதுங்குகுழியிலேயே கிடக்கிறார்கள். சக்கரம் வைத்த ஆளில்லா வண்டிகளை அனுப்பிக் காயமடைந்தவர்களை இழுத்து வருகிறார்கள். சாலைகளுக்கு மேலே மீன்வலையைக் கூடாரம் போலக் கட்டியிருக்கிறார்கள். நவீன ஆயுதத்துக்கு எதிராகக் கடைசியில் மீனவனின் வலைதான் கைகொடுக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வானலையைக் குலைத்து டிரோனை வீழ்த்தும் கருவிகள் வந்தன. உடனே, வானலையே தேவைப்படாத டிரோன்கள் வந்துவிட்டன. வீட்டுக்கு இணையத்தொடர்பு கொண்டு வரும் அதே கண்ணாடி இழைக் கம்பியை நூல்கண்டு போலச் சுமந்துகொண்டு, பின்னால் அவிழ்த்து விட்டபடியே பறக்கின்றன. பட்டம் விட்ட பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த நூல் இப்போது உக்ரேன் வயல்களிலும் மரங்களிலும் சிலந்திவலை போலப் படர்ந்து கிடக்கிறது.

இவையெல்லாம் 2022க்குப் பிறகு வந்த புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். 2020இல் நாகோர்னோ கராபாக் பகுதிக்காக அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் நடத்திய 44 நாள் போரிலிருந்துதான் தொடங்கியது என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. ஆனால் தமிழில் இதற்கு அதைவிடப் பழைய சொல் ஒன்று இருக்கிறது. அது அகராதி தயாரித்தவர்கள் உருவாக்கிய சொல் அல்ல. வன்னி மக்கள் வைத்த பெயர்: வண்டு.

இலங்கை இராணுவம் 1990களின் பிற்பகுதியிலேயே இஸ்ரேலிடமிருந்து ஆளில்லா வேவு விமானங்களை வாங்கிவிட்டது. அவை குண்டு போடுவதில்லை. பார்த்துக்கொண்டே சுற்றும், அவ்வளவுதான். ஆனால் தலைக்கு மேலே அந்த ரீங்காரம் கேட்டால் பிறகு என்ன வரும் என்பது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிபிர் விமானம் வரும், அல்லது ஷெல் வரும். ஆகவே வண்டு சுற்றத் தொடங்கினால் பங்கருக்குள் இறங்க வேண்டும்.

இப்படிப் பெயர் வைத்தவர்கள் வன்னித் தமிழர்கள் மட்டுமல்லர். காஸாவில் பாலஸ்தீனர்கள் இஸ்ரேலிய டிரோனை 'ஸனானா' என்கிறார்கள். இரைச்சலைக் குறிக்கும் சொல் அது. ரஷ்யா ஏவும் ஷாஹெட் வகை டிரோன்களை உக்ரேனியர்கள் 'மோபெட்' என்கிறார்கள், அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளின் சத்தம் என்பதால். மேலே இருப்பவர் கண்ணால் பார்க்கிறார். கீழே இருப்பவருக்குக் காது மட்டும்தான் மிச்சம்.

விடுதலைப் புலிகளும் இந்த வான் பலத்தின் பொருளை அறிந்தே இருந்தார்கள். செக் நாட்டுச் சிறு பயிற்சி விமானங்களைக் கொண்டு 2007 மார்ச் 26இல் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 22இல் அநுராதபுரம் வான்தளத்தைத் தாக்கியபோது, வேவு விமானம் உட்படப் பல வான்கலங்கள் அழிந்தன. எதிரியின் கண்ணைக் குத்தும் முயற்சி அது. ஆனால் அழிந்த விமானங்களுக்கு மாற்று வாங்க ஓர் அரசாங்கத்தால் முடியும். வண்டு மீண்டும் பறந்தது.

2009க்கு வருவோம். ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி வீழ்ந்தது. ஜனவரி பிற்பகுதியில் முதலாவது பாதுகாப்பு வலயம், பிப்ரவரியில் இரண்டாவது, மே மாதம் மூன்றாவது என்று அரசாங்கம் அறிவித்துக் கொண்டே போனது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கடற்கரையை நெருங்கியது. மருத்துவமனைகள் எங்கே இருக்கின்றன என்ற வரைபடக் குறிப்புகள் இராணுவத்திடம் தரப்பட்டிருந்தன. அப்படியிருந்தும் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது அடுத்தடுத்த நாள்களில் ஷெல் விழுந்தது. ஐ.நா. தலைமைச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் இதையெல்லாம் எழுதி வைத்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றும் அது கூறியது. இலங்கை அரசாங்கம் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. அதே அறிக்கை, புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும், சிறுவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும் குற்றம் என்றே பதிவு செய்திருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது அங்கே இறந்தவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

இங்கேதான் வண்டு ஒரு சாட்சியாக வந்து நிற்கிறது. வன்னியில் அப்போது சுமார் 70,000 பேர் மட்டுமே இருப்பதாக அரசாங்கம் சொன்னது. அந்தக் கணக்கில்தான் உணவும் மருந்தும் அனுப்பப்பட்டன. போர் முடிந்து முகாம்களில் எண்ணிப் பார்த்தால் 280,000க்கும் மேல்! இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள மனிதர்கள் அத்தனை பேரும் ஒரு சிறு கடற்கரைத் துண்டில், தறப்பாள் கூடாரங்களில், வெட்டவெளியில் இருந்தார்கள். காடு இல்லை, மரக்கூரை இல்லை. லிங்கன் விமானிக்கு இருந்த சாக்கு இங்கே எவருக்கும் இல்லை.

2009 ஏப்ரல் 20ஆம் நாள், புதுமாத்தளன் பக்கம் மண் அணை உடைக்கப்பட்டபோது மக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். அந்தக் காட்சியை ஆளில்லா விமானம் படமெடுத்தது. இலங்கைப் பாதுகாப்பு அமைச்சே அதை உலகத்துக்கு வெளியிட்டது. எறும்புச் சாரை போல மனிதர்கள் நகர்வதை நம் வீடுகளிலும் தொலைக்காட்சியில் பார்த்தோம். மக்களை விடுவித்ததற்கு ஆதாரமாக அந்தப் படம் காட்டப்பட்டது. ஆனால் அது இன்னொன்றுக்கும் ஆதாரம். மேலே இருந்த கண்ணுக்கு மனிதர்கள் தெரிந்தார்கள்! ஏப்ரல் 20இல் தெரிந்தவர்கள் பிப்ரவரியிலும் தெரிந்திருக்க வேண்டும், மே மாதத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

கூடுதலாகப் பார்க்க முடிந்தால் போரில் தவறு குறையும், பொதுமக்கள் பிழைப்பார்கள் என்பது டிரோன் விற்பவர்களின் வாதம். அதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. எம்.எச்.17 விமானத்தை நினைத்துப் பாருங்கள். 2014 ஜூலை 17இல் கிழக்கு உக்ரேன் வானில் அதைச் சுட்டு வீழ்த்திய பக் ஏவுகணைக்கு ராடார் திரையில் தெரிந்தது ஒரு புள்ளி மட்டுமே. அந்தப் புள்ளிக்குள் 298 பேர், அவர்களில் 43 பேர் மலேசியர்கள். ஆளை அறியாமல் சுடுவதன் விலை இந்நாட்டுக்குத் தெரியும்.

ஆனால் அறிந்து சுட்டால்? உக்ரேனின் கெர்சோன் நகரில், ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து ரஷ்ய டிரோன்கள் வருகின்றன. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரை, சைக்கிளில் போகிறவரை, ஆம்புலன்சைத் துரத்துகின்றன. ஓட்டுபவரின் திரையில் அவர் ஒரு புள்ளியாக இல்லை; கையில் காய்கறிப் பையுடன் நடக்கும் மனிதராகவே தெரிகிறார். இந்தத் தாக்குதல்கள் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாதம் முடிவு செய்தது.

அதே போரில் வேறொன்றும் நடந்தது. 2023 மே மாதம், பாக்முட் நகருக்கு அருகே ஒரு பதுங்குகுழியில் ரஷ்ய வீரர் ஒருவர் தனியாக மாட்டிக்கொண்டார். தலைக்கு மேல் உக்ரேனிய டிரோன். ஓட இடமில்லாமல், அந்த இயந்திரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கெஞ்சினார். திரையில் அதைப் பார்த்தவர்கள் குண்டைப் போடவில்லை. பின்தொடர்ந்து வா என்று எழுதிய சீட்டைக் கீழே போட்டார்கள். டிரோன் முன்னே பறக்க, அவர் பின்னாலேயே நடந்து போய்ச் சரணடைந்தார். ஓட்டியவர்களின் மனம்தான் அன்று அவரைக் காப்பாற்றியது.

அந்த மனத்தையும் இயந்திரத்திடம் விட்டுவிடும் வேலை இப்போது வேகமாக நடந்து வருகிறது. கடைசிச் சில நூறு மீட்டரில் தொடர்பு அறுந்தாலும், இலக்கைத் தானே பிடித்துக்கொண்டு பாயும் டிரோன்கள் களத்துக்கு வந்துவிட்டன. கெஞ்சுகிற கை, உயர்த்துகிற கை, துப்பாக்கி பிடித்த கை இவற்றின் வேறுபாட்டை அது எப்படி அறியும்? 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இத்தகைய ஆயுதங்கள் பற்றிய தீர்மானத்துக்கு 166 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை மூன்று, ரஷ்யா அவற்றில் ஒன்று. ஆனால் அது தடைச் சட்டம் அல்ல, பேச்சைத் தொடர்வதற்கான தீர்மானம்தான்.

போரில் பறக்கும் டிரோன்களில் பல, கடைத்தெருவில் கிடைப்பவைதான். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் திருமணம் நடந்தால் மண்டபத்து வாசலில் மேலே எழும்பும் அந்த நான்கு விசிறி இயந்திரமும் அதே இனம்தான். தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில், காவடிகளுக்கு மேலேயும் அது சுற்றிப் படமெடுக்கும். பிள்ளைகள் அண்ணாந்து கையசைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் வன்னியிலிருந்து தப்பி வந்து இங்கே அகதி அட்டையுடன் வாழும் குடும்பம் ஒன்றும் நின்றிருக்கலாம். ரீங்காரம் கேட்டதும் அந்தத் தாய் முதலில் வானத்தைப் பார்க்க மாட்டாள். பிள்ளையின் கை எங்கே என்றுதான் தேடுவாள்.