கண்ணுக்குப் போடும் களிம்பு

(டோம்பிவிலியில் புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்கள் கூட்டத்தில் பேசியது)

 

மழைக்காலம் வந்தால் டோம்பிவிலியில் இரண்டு பேச்சு எல்லார் வாயிலும் இருக்கும். ஒன்று, ரயில் தாமதம். மற்றொன்று, கண் நோய். மராத்திக்காரர்கள் இதை 'டோளே ஆலே' என்பார்கள். தமிழர்கள் 'கண் வலி' என்பார்கள். 'மெட்ராஸ் ஐ' என்றும் சொல்வார்கள்.

2023 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மகாராஷ்டிரம் முழுவதும் இந்த நோய் பரவியது. புனேக்குப் பக்கத்தில் உள்ள ஆளந்தியில் பள்ளிப் பிள்ளைகள் பலருக்குக் கண் சிவந்தது. பிறகு மும்பை, தானே என்று எல்லா இடத்துக்கும் வந்தது. நெரிசலான லோக்கல் ரயில், ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகள், பொதுக் குழாய். நோய் பரவ இவை போதாதா?

இந்த மாதிரி நேரத்தில் வீடுகளில் என்ன நடக்கிறது? ஒரு வீட்டில் பிள்ளைக்குக் கண் சிவக்கிறது. அடுத்த வீட்டு அக்கா ஒரு டியூபைக் கொண்டு வருகிறார். "போன வருஷம் எங்க பையனுக்குப் போட்டது, மிச்சம் இருக்கு, போடுங்க அக்கா" என்கிறார். நல்ல மனதோடுதான் கொடுக்கிறார். ஆனால் அந்த டியூபில் இருப்பது என்ன மருந்து? அது கெட்டுப் போய்விட்டதா? அந்தப் பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் ஒரே நோய்தானா? யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளுக்குத்தான் இன்று விடை காணப் போகிறோம்.

கண் சிவப்பதற்குக் காரணம் பல. கிருமியாலும் சிவக்கும். தூசியாலும், ஒவ்வாமையாலும் சிவக்கும். கிருமியிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பாக்டீரியா. மற்றொன்று வைரஸ்.

பாக்டீரியா வந்தால் பெரும்பாலும் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை வரும். காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வைரஸ் வந்தால் தண்ணீர் தண்ணீராக வடியும். மணல் விழுந்தது போல உறுத்தும். சிலருக்குச் சளியும் தொண்டை வலியும் கூடவே இருக்கும். 'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் வைரஸால் வருவது.

ஆன்டிபயாட்டிக் களிம்பு பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. வைரஸால் வந்த கண் வலி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும். அப்படியானால் எந்த நோய் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பீளையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

களிம்பு வேண்டாத பொருள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது பெரிய வேலை செய்திருக்கிறது. டிரக்கோமா என்று ஒரு கண் நோய் உண்டு. அதுவும் பாக்டீரியாவால் வருவதுதான். அது திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உள்பக்கம் தழும்பாகிவிடும். கண் முடிகள் உள்நோக்கி வளைந்து கருவிழியைக் கீறும். கடைசியில் பார்வை போய்விடும். இந்த நோயை ஒழிக்க 1963இல் நம் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஆன்டிபயாட்டிக் கண் மருந்து கொடுத்தார்கள். முகம் கழுவும் பழக்கத்தையும் சுத்தத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். 1971இல் நம் நாட்டில் பார்வை இழந்தவர்களில் நூற்றுக்கு 5 பேர் இந்த நோயால் இழந்தவர்கள். பிறகு அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. 2024 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், இந்தியாவில் டிரக்கோமா ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று அறிவித்தது.

சரியான நோய்க்குச் சரியான மருந்தைச் சரியான முறையில் போட்டால் கண் பிழைக்கும். தப்பான டியூபைப் போட்டால் அதே கண் போகும். இரண்டும் உண்மை.

தப்பான டியூப் எது? எல்லாவற்றிலும் ஆபத்தானது ஸ்டீராய்டு கலந்த டியூப். ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தே கண் மருந்தாக விற்கப்படுகின்றன. சில கண் நோய்களுக்கு மருத்துவரே இதை எழுதிக் கொடுப்பார். அவர் பார்வையில் இருக்கும்போது அது நல்ல மருந்து. நாமாக வாங்கிப் போட்டால் கெடுதல். ஏன்? ஸ்டீராய்டு போட்டதும் சிவப்பு சட்டென்று குறையும். 'ஆகா, குணமாகிவிட்டது' என்று தோன்றும். ஆனால் உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருக்கும். பூஞ்சையால் கருவிழியில் புண் வந்திருந்தால் அது ஆழமாகும். பல நாள் போட்டால் கண்ணின் உள் அழுத்தமும் ஏறலாம். அப்படிப் போன பார்வை திரும்ப வராது.

இங்கேதான் நீங்கள் கற்ற எழுத்து உதவிக்கு வருகிறது. டியூபைக் கையில் எடுங்கள். திறக்கும் முன் படியுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, அது கண் மருந்துதானா? 'ஐ ஆயின்ட்மென்ட்' என்றோ 'ஆப்தால்மிக்' என்றோ இருக்க வேண்டும். சொறி சிரங்குக்குப் போடும் டியூபும் பார்ப்பதற்கு இதே போல இருக்கும். அதைக் கண்ணில் போடக் கூடாது.

இரண்டாவது, மருந்தின் பெயர். குளோரம்பெனிகால், சிப்ரோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் என்பவை ஆன்டிபயாட்டிக். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்பவை ஸ்டீராய்டு. 'சோன்', 'லோன்' என்று முடியும் பெயரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். மருத்துவரைக் கேளுங்கள்.

மூன்றாவது, காலாவதித் தேதி. மாதமும் வருடமும் எண்ணில் இருக்கும். எண் படிக்கத் தெரிந்தால் போதும். அந்த மாதம் தாண்டிவிட்டால் குப்பைக்குத்தான்.

நான்காவது, சிவப்புக் கோடு. மருந்து உறையில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று பொருள். இதை மக்களுக்குச் சொல்ல 2016இல் நம் அரசு ஒரு இயக்கமே நடத்தியது. எழுத்தே தெரியாதவரும் இந்தக் கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சரி, மருத்துவர் பார்த்தார். களிம்பு எழுதிக் கொடுத்தார். எப்படிப் போடுவது?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துப் பீளையைத் துடையுங்கள். மூக்கு ஓரத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு துணி. அதே துணியால் மறு கண்ணைத் தொடக் கூடாது.

தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். கீழ் இமையை விரலால் மெல்லக் கீழே இழுங்கள். சிறு பை போல ஒரு இடம் தெரியும். அதற்குள் ஒரு நெல்மணி நீளத்துக்குக் களிம்பை வையுங்கள். டியூபின் நுனி கண்ணிலோ, இமையிலோ, விரலிலோ படக் கூடாது. பட்டால் கிருமி டியூபுக்குள் போய்விடும். பிறகு கண்ணை மூடி ஒரு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். தேய்க்கக் கூடாது. மூடியை உடனே இறுக்கி, மறுபடியும் கையைக் கழுவுங்கள்.

சொட்டு மருந்தும் களிம்பும் இரண்டும் கொடுத்திருந்தால் முதலில் சொட்டு மருந்து. ஐந்து, பத்து நிமிடம் கழித்துக் களிம்பு.

களிம்பு போட்டதும் சிறிது நேரம் பார்வை மங்கலாக இருக்கும். பயப்பட வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் வண்டி ஓட்டக் கூடாது. சாலையைக் கடக்கக் கூடாது. ஓடும் ரயிலைப் பிடிக்க ஓடக் கூடாது. இரவு படுக்கும் முன் போடுவது சௌகரியம்.

இரண்டே நாளில் கண் தெளிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாளும் போட வேண்டும். போட்ட பிறகு அரிப்பும் வீக்கமும் கூடினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மீதம் இருந்தால் அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள். திறந்த டியூப் பொதுவாக நாலு வாரத்துக்கு மேல் ஆகாது. முக்கியமாக, ஒரு டியூப் ஒருவருக்குத்தான். தாயும் பிள்ளையும் கூடப் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. துண்டு, தலையணை, கண் மை ஆகியவையும் அப்படித்தான்.

சில நேரங்களில் களிம்பைத் தேடிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. கடுமையான வலி, பார்வை குறைதல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குக் கண்ணில் பீளை வந்தாலும் அப்படியே. அந்தக் கண்ணில் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடக் கூடாது.

டோம்பிவிலியில் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. வேலை செய்யும்போது கண்ணில் ரசாயனம் பட்டால் என்ன செய்வது? களிம்பு அல்ல, தண்ணீர்தான் முதல் மருந்து. உடனே குழாயடியில் நின்று குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். பிறகு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எங்கே போவது? டோம்பிவிலி மேற்கில் மாநகராட்சியின் சாஸ்திரி நகர் மருத்துவமனை இருக்கிறது. கல்யாணில் ருக்மிணிபாய் மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் மும்பையில் சயான் மருத்துவமனையும் ஜே.ஜே. மருத்துவமனையும் இருக்கின்றன. கண் மருத்துவர் எந்த நாளில், எந்த நேரத்தில் பார்ப்பார் என்று முன்பே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்த கை சும்மா இருக்கலாமா?

தாய்மார்களே! அடுத்த வீட்டுக்காரருக்கு உதவ வேண்டும் என்ற மனம் நல்ல மனம். அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் டியூபைக் கொடுக்காதீர்கள். "வாங்க அக்கா, டாக்டர்கிட்ட போகலாம், நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். பிள்ளையின் கண்ணைக் காக்கும் உதவி அதுதான்.