கோட்டைக்குப் போகும் வழி



வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றிப் பேசுவார்கள். நான் என் ஊர் சின்னசேலத்தைப் பற்றி, அங்கிருந்து சட்டமன்றத்துக்குப் போகும் வழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சேலத்திலிருந்து சென்னை எழும்பூர் போகும் ரயில் இரவில் எங்கள் ஊரில் நிற்கும். அதில் ஏறுபவர்களில் கல்வராயன் மலைக்காரர்களும் உண்டு. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி என்று பஸ் மாறி இறங்கி வருகிறவர்கள். கையில் மடித்த மனு, துணிப்பையில் கட்டுச்சோறு. சென்னை போய்வந்தால் இரண்டு நாள் கூலி போச்சு. அவர்கள் கேட்கப் போவது பட்டா, சாலை, சாதிச் சான்றிதழ், பொய் வழக்கிலிருந்து விடுதலை. இவற்றைக் கேட்க ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டும்?

நாடு விடுதலை அடைந்து ஏறக்குறைய 29 ஆண்டுகள் ஆகும்வரை கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தாரர்களின் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். 1976 ஜூன் 25 அன்றுதான் அரசு மலையை ஏற்றுக்கொண்டது. அந்தத் தேதியைக் கவனியுங்கள். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுச் சரியாக ஓராண்டு. அந்த ஜனவரி 31 அன்றே தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டுவிட்டது. நாடெங்கும் பேச்சுரிமை பறிக்கப்பட்டிருந்த காலத்தில் அவர்களுக்கு விடுதலை வந்தது. அவர்களுக்காக எழுந்து பேச அன்று சட்டமன்றமே இல்லை.

பிறகு சட்டமன்றம் வந்தது. குரல் வந்ததா? 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டுதான். கல்வராயன் மலைக்கு அப்படி ஒரு தொகுதி இல்லை. சமவெளி வாக்குகளே அங்கு வெற்றியைத் தீர்மானிக்கின்றன. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதியும் தமிழ்நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. உறுப்பினர் மலையேறி வராதபோது மக்கள்தான் இறங்கிப் போக வேண்டியிருக்கிறது.

இப்படி இறங்கிப் போய்க் கேட்டதற்குப் பலன் இல்லாமலில்லை. நாடு முழுவதும் ஆதிவாசிகள் திரண்டு டில்லிவரை போய்ப் போராடியதால்தான் 2006 டிசம்பரில், வனநிலத்தில் வாழ்வோருக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஆனால் தமிழ்நாட்டில் 2008இல் வந்த நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது 2016 வரை நின்றுபோனது. அந்த எட்டு ஆண்டுகளில் தங்கள் கொல்லையிலேயே அவர்கள் ஆக்கிரமிப்பாளர்களாக இருந்தார்கள்.

சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி கிராமத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கும் இதே மலையாளி மக்கள்தான். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நடத்திய சூறையாடலுக்கும் பெண்கள்மீதான பாலியல் வன்கொடுமைக்கும், 2011இல்தான் தீர்ப்பு வந்தது; குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது அது. அந்தப் பெண்கள் 19 ஆண்டுகள் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் கூடவே நின்றது. அந்தப் பெண்களின் துணிச்சலுக்கு முன் நான் தலைவணங்குகிறேன்.

எழும்பூரில் இறங்கியதும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 1888ஆம் ஆண்டுச் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு இன்றும் நடப்பில் இருக்கிறது. கூட்டத்துக்கோ ஊர்வலத்துக்கோ ஐந்து நாள் முன்பே அனுமதி கேட்க வேண்டும். கிடைத்தாலும், சட்டமன்றம் இருக்கும் கோட்டையின் வாசல் கிடைக்காது. ராஜரத்தினம் ஸ்டேடியம், வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் என்று ஓரிடம் காட்டுவார்கள். கத்தலாம், ஆனால் சட்டமன்ற உறுப்பினர் காதில் விழாது. 2009 ஏப்ரலில் இலங்கைப் போரை நிறுத்தக் கேட்டு லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் உட்கார்ந்த தமிழர்கள் உறுப்பினர்களின் கண்ணெதிரே உட்கார்ந்தார்கள். அந்தத் தூர வித்தியாசம் சின்ன விஷயமல்ல. ஒன்றுகூடும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தருகிறது. கேட்க வேண்டியவர் கேட்கும் இடத்தில் கூடுவதுதான் அந்த உரிமைக்குப் பொருள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சமவெளியில் அத்தனை உயிர் போனபின் மலையின் சாலையைப் பற்றிக் கேள்வி எழுந்தது. அதே வேளையில், சாராயம் என்றாலே மலைக்காரர் என்ற பழியும் தடித்தது. சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு மலையையே சந்தேகிப்பது அநியாயம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர்கள், படிவம் 6ஏ நிரப்பி, கடவுச்சீட்டில் உள்ள ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் சேருங்கள். வாக்களிக்க நேரில்தான் போக வேண்டும்; ஆனாலும் வாக்காளரின் கடிதத்துக்கு ஒரு எடை உண்டு. அடுத்து, குடியுரிமை எதுவாக இருந்தாலும், உங்கள் சொந்தத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கல்வராயன் மலையில் வன உரிமைப் பட்டா எத்தனை மனுவுக்குக் கிடைத்தது, எத்தனை நிராகரிக்கப்பட்டது, எந்தக் காரணத்துக்காக என்று அவர் அவையில் கேட்கட்டும். மனுவோடு வரும் மக்களுக்குக் கோட்டைக்கு அருகில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். முகவரிகளை வரவேற்பு மேசையில் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகுமுன் எடுத்துக்கொள்ளுங்கள்.