இகழ்வார் நடுவே நிமிர்ந்து நிற்றல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், எமக்களிக்கப்பட்ட பொருள் சற்றுக் கடினமானது. நம் தெருக்களில் அய்யனாரை வணங்கும் குடும்பமும் உண்டு. ஞாயிறுதோறும் பூசைக்குச் செல்லும் குடும்பமும் உண்டு. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆயினும் கிறிஸ்தவ வாழ்வைத் தேர்ந்துகொண்ட நம் பிள்ளைகள் ஊராலும், கோவிலாலும், சட்ட ஏட்டாலும் ஒருங்கே இகழப்படுகின்றனர். அவ்விகழ்ச்சியை எங்ஙனம் எதிர்கொள்வது என்பதே நம்முன் உள்ள வினா.

முதலாவது ஊரின் இகழ்ச்சி. "கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறியவர்கள்" என்னும் ஏளனத்தை நாம் சிறுவயது முதலே கேட்டு வந்துள்ளோம். நம் மாவட்டத்து ஆவூரில் பெரியநாயகி மாதா கோவில் எழுந்தது 1747 ஆம் ஆண்டில். அமெரிக்கக் கோதுமை இந்நாட்டிற்குக் கப்பல் கப்பலாக வந்தது 1950களில். வரலாறு அறிந்தவன் இவ்வேளனத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை. பஞ்சக் காலத்தில் பசிக்காகச் சென்றவர்களும் இருந்திருக்கலாம். பசித்தவன் சோறு கொடுத்த கையைப் பற்றினான் என்றால், வெட்கப்பட வேண்டியவன் அவனல்லன். அவனைப் பசியில் வைத்திருந்தவனே வெட்கப்பட வேண்டும்.

எம் முன்னோருள் சிலர் திருமுழுக்குப் பெற்றபின் சாவு வீட்டில் பறையடிக்க மறுத்தனர். "இவனுக்கு வந்த வாழ்வைப் பார்!" என்று ஊர் நகைத்தது. அவர்கள் மறுத்தது இசையை அன்று, கட்டாயத்தையே மறுத்தனர். இன்று நம் இளைஞர்கள் அதே பறையை மேடையில் பெருமையுடன் முழக்குகின்றனர். அதில் முரண்பாடு ஏதுமில்லை. விரும்பி எடுப்பது கலை. ஏவி அடிக்கச் செய்வது அடிமைத்தனம்.

இரண்டாவது கோவிலுக்குள்ளே நேரும் இகழ்ச்சி. இதுவே மிகுதியாக வலிப்பது. தனி இருக்கை, தனிக் கல்லறை, தேர் வராத தெரு ஆகியவற்றை நாம் அறிவோம். 1833 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று சுற்றறிக்கை விடுத்தார். அதனை ஏற்க மறுத்து, வேப்பேரியிலும் தஞ்சையிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் வெளியேறினர். 2003 ஆம் ஆண்டில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் தமிழகத்து ஆயர்களிடம் இதே குறையை எடுத்துரைக்க நேர்ந்தது. 170 ஆண்டுகள் கழிந்தும் நோய் தீரவில்லை என்பதே இதன் பொருள். நோயைச் சுட்டுவது விசுவாசக் குறைவு ஆகாது. பங்குக் கூட்டத்தில் எழுந்து, பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். கேட்பதற்கு உங்கள் திருமுழுக்கே தகுதி தருகின்றது.

மூன்றாவது சட்ட ஏட்டின் புறக்கணிப்பு. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் அல்லாதாரைப் பட்டியல் சாதிகளுக்குப் புறத்தே நிறுத்தியது. 1956 இல் சீக்கியரும், 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர்.

இங்கே சூசை என்னும் ஒருவரை நீங்கள் அறிதல் வேண்டும். சென்னையில் சாலையோரத்தில் அமர்ந்து செருப்புத் தைத்தவர், ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். அவரைப் போன்ற தொழிலாளர்க்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியபோது, அது இந்து ஆதிதிராவிடர்க்கு மட்டும் என்றனர். அதே வெயில், அதே தொழில், அதே சாதி. கடை மட்டும் இல்லை. சூசை தம் சமயத்தை மறைக்கவில்லை. கிறிஸ்தவராகவே உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். 1985 செப்டம்பர் 30 அன்று அவர் மனு தள்ளுபடியாயிற்று. மதம் மாறிய பின்னரும் சாதிக் கொடுமை அதே கடுமையுடன் தொடர்கின்றது என்பதற்கு ஆராய்ந்து எழுதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இளைஞர்களே, நன்கு எண்ணிப் பாருங்கள்! கொடுமை இருந்தது, அதனை எழுதி வைத்த ஏடு நீதிமன்றத்தில் இல்லை. கல்விச் சங்கம் எதற்கென்று கேட்போர்க்கு இதுவே விடை. 2007 ஆம் ஆண்டில் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அச்சமயத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடர்க்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. தோல்வியுற்ற அச்செருப்புத் தொழிலாளியின் கேள்வி இன்றும் உயிரோடிருக்கின்றது.

நாம் முன்னர்ப் பணியாற்றிய பள்ளியொன்றில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவன் எம்மிடம் வந்தான். "ஐயா, இந்துவென்று எழுதிச் சான்றிதழ் வாங்கினால் இடம் கிடைத்துவிடுமாம். வாங்கட்டுமா?" என்றான். நாம் உடனே விடை கூறவில்லை. இழப்பு அவனுடையது, அறிவுரை மட்டுமே எம்முடையது. உடன் வந்திருந்த அவன் தந்தை, எழுத்தறியாதவர், மெல்லச் சொன்னார்: "ஒருநாள் ஒளிச்சா, பெறகு தெனமும் ஒளிக்கணும் ஐயா."

அவ்வாண்டு அவன் விரும்பிய இடம் அவனுக்குக் கிட்டவில்லை. ஈராண்டு திருப்பூரில் பனியன் கம்பெனியில் உழைத்துவிட்டு, பின்னரே கல்லூரியில் சேர்ந்தான். உண்மை பேசியதற்கு உடனே பரிசு கிடைத்ததென்று உங்களிடம் பொய்யுரைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் இன்று அவன் தன் பெயரை எவ்வலுவலகத்திலும் முழுமையாகச் சொல்கின்றான். வறுமையால் மறைத்தோரையும் நாம் இகழ்வதற்கில்லை. இகழப்பட்ட நாமே இன்னொருவரை இகழ்ந்தால், நம்மை இகழ்ந்தோர்க்கும் நமக்கும் வேற்றுமை யாது?

ஆகவே எம் அனுபவத்திற் கண்டவற்றைச் சுருங்கக் கூறுகின்றோம். ஏளனத்திற்கு ஏளனத்தால் விடை தராதீர்கள். தெரிந்த வரலாற்றைச் சொல்லுங்கள். மது வேண்டாமென்று நீங்கள் மறுத்தால், அதற்காக உறவினர் வீட்டுத் திருமணத்தையே புறக்கணிக்காதீர்கள். பந்தியில் அமருங்கள், பரிமாறுங்கள். மாமன் காதுகுத்திற்கு அழைத்தால் முதல் ஆளாய்ச் செல்லுங்கள். நம் தேர்வு நம்மைத் தெருவினின்று பிரித்துவிடலாகாது. கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்க்கும் தமிழ்நாடு அரசு இடமளித்துள்ளது; உரிய காலத்தில் விண்ணப்பியுங்கள். அறியாமையால் இழப்பது சட்டத்தால் இழப்பதினும் கொடிது. நிறைவாக, உங்களுக்கு நேரும் ஒவ்வோர் இழிவையும் நாள், இடம் குறித்து எழுதி வையுங்கள். இனியொரு சூசை படியேறும்போது வெறுங்கையுடன் ஏறலாகாது.

இச்சங்கத்தில் அய்யனார் கோவில் பிள்ளையும் மாதா கோவில் பிள்ளையும் ஒரே விளக்கடியில் படித்தனர். அவ்விளக்கு அணையாதிருக்கும்வரை நம்மை எவரும் குனிய வைத்தல் இயலாது.