ஐம்பதாம் நாளின் அழைப்பு
(பங்கின் பொன்விழா நவநாளில் நிகழ்த்திய உரை)



ஐம்பது என்னும் எண் இந்நாட்களில் நம் எல்லாருடைய வாயிலும் ஒலிக்கிறது. விவிலியத்தில் இவ்வெண்ணுக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஏழு முறை ஏழாண்டுகள் கழிந்தபின் வரும் ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாட லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் பணிக்கிறது. அதே நூலின் 23-ஆம் அதிகாரத்தில், ஏழு வாரங்களுக்குப் பின் வரும் ஐம்பதாம் நாளும் திருநாளாகக் குறிக்கப்படுகிறது. அதுவே யூதர் இன்றும் கொண்டாடும் வாரங்களின் திருவிழா. எபிரேயத்தில் 'ஷவுவோத்' என்பர். 'ஐம்பதாவது' எனப் பொருள்படும் பெந்தெகோஸ்தே என்ற கிரேக்கப் பெயரும் இவ்விழாவுக்கு உரியதே. பரிசுத்த ஆவி இறங்கி வந்தபோது எருசலேமில் மக்கள் திரண்டிருந்தது இவ்விழாவுக்காகத்தான்.

தொடக்கத்தில் இது அறுவடை விழா. புதுக் கோதுமை மாவில் புளிப்பேற்றிச் சுட்ட இரண்டு அப்பங்களை ஆண்டவர் திருமுன் படைத்தார்கள். எகிப்தைவிட்டு வந்த மூன்றாம் மாதத்தில் இஸ்ராயேலர் சீனாய் மலையை அடைந்ததாக யாத்திராகமம் கூறுகிறது. ஆகவே, மோயீசன் வழியாகத் திருச்சட்டம் அருளப்பட்ட நாளும் இதுவே என யூத மறைநூல் வல்லுநர் கொண்டனர். கி.பி. 70-இல் உரோமையர் ஆலயத்தை அழித்தபின், அப்பம் படைக்கப் பீடம் இல்லை. பீடம் போயிற்று; வேதம் நிலைத்தது. அதைச் சுற்றியே அம்மக்கள் உயிர் வாழ்ந்தார்கள்.

பாஸ்காவின் இரண்டாம் இரவு தொடங்கி நாற்பத்தொன்பது நாட்களை மாலைதோறும் எண்ணி அவர்கள் இவ்விழாவை அடைகிறார்கள். இதன் பொருள் என்ன? பார்வோனின் பிடியிலிருந்து தப்பியது பாஸ்கா. தப்பியவன் இனி எவ்வாறு வாழ வேண்டும் என்று அறிந்தது சீனாய். விடுதலை அங்கேதான் நிறைவு பெறுகிறது. விழா இரவில் பலர் விடியுமட்டும் கண்விழித்து மறைநூல் கற்கிறார்கள். சீனாயில் அன்று காலை மக்கள் அயர்ந்து உறங்கிவிட்டார்களாம். அந்த உறக்கத்துக்கு இந்த விழிப்பு பரிகாரமாம். இப்படி ஒரு பழைய வழக்கு அவர்களிடையே உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். தம் செபங்களில் அவர்கள் இவ்விழாவை வேதம் 'அருளப்பட்ட' காலம் என்கிறார்கள். 'பெற்றுக்கொண்ட' காலம் என்று சொல்வதில்லை. அருளியது ஒரு நாளில் முடிந்தது. பெற்றுக்கொள்வதோ நாள்தோறும் நடக்க வேண்டியது என்று அவர்களுடைய போதகர்கள் விளக்குவர். சட்டத்தைக் கைக்கொள்வதாக ஒரே குரலில் வாக்களித்த மக்கள், நாற்பது நாட்களுக்குள் பொற்கன்றை வணங்கினார்கள் அன்றோ? கற்பலகைகள் உடைந்தன. ஆனால் ஆண்டவர் மீண்டும் அருளினார். உடைந்த துண்டுகளும் புதிய பலகைகளும் ஒரே பேழையில் வைக்கப்பட்டன என்பது யூத மரபு. எவ்வளவு ஆறுதலான எண்ணம்!

வேதத்தை ஒருவர் பெற்றுக்கொண்டார் என்பதற்கு அடையாளம் யாது? இவ்விழாவின் ஒழுங்குகளைக் கூறி முடித்ததும், அடுத்த வசனத்திலேயே லேவியராகமம் வயலுக்குச் செல்கிறது. ஓரத்துக் கதிர்களை அறுக்காமலும், சிந்தியதைப் பொறுக்காமலும், ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடப் பணிக்கிறது. விழாவில் வாசிக்கப்படும் ரூத் ஆகமமும் இதையே காட்டுகிறது. ரூத் மோவாபு நாட்டுக் கைம்பெண். பெத்லெகேம் வயலில் கதிர் பொறுக்கி மாமியாரைக் காத்தவள். அவளுடைய கொள்ளுப்பேரன் தாவீது. அந்த வம்சத்தில்தான் நம் ஆண்டவர் பிறந்தார். வயலோரத்தில் நின்ற அந்நியப் பெண்ணுக்கு மீட்பின் வரலாற்றில் அத்தகைய இடம்!

அன்பார்ந்தவர்களே, மறைநூலை ஆண்டவரின் திருவுடலைப் போலவே திருச்சபை வணங்கி வந்துள்ளது என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. ஐம்பது ஆண்டுகளாக நம் பீடத்திலிருந்து அந்த வாக்கு அருளப்பட்டு வருகிறது. நாம் பெற்றுக்கொண்டோமா? நம் பங்கின் வயலோரத்தில் நிற்பவர் யார்? திருவிழா வரி கொடுக்க இயலாமல் கோவிலுக்கு வரக் கூசும் கைம்பெண் உண்டா? சப்பரம் திரும்பாத தெரு உண்டா? பந்தியில் தள்ளி அமர்த்தப்படுபவர் உண்டா? கொடியும் மின்விளக்கும் இக்கேள்விகளுக்கு விடை ஆகா.

இவ்வாண்டு ஒவ்வொரு வீட்டிலும் இரவு செபமாலைக்குப்பின் ஓர் அதிகாரமேனும் வாசிப்போம். வாசித்ததை மறுநாள் ஒரு செயலிலாவது காட்டுவோம். நாம் உடைத்தவற்றையும் பொறுத்து, மீண்டும் எழுதித் தரும் ஆண்டவர் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.