குப்பைக் கூடையும் அடியார்களின் உரிமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

சற்று முன்னர் செயலாளர் அவர்கள் ஆண்டின் வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். யாருக்கும் பாக்கியில்லை என்ற செய்தியைக் கேட்டு அனைவரும் அல்ஹம்து லில்லாஹ் என்றோம். அந்தக் கணக்கில் ஏறாத கடன் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றியே இன்று சில நிமிடங்கள் பேச விழைகிறோம்.

கடந்த ரமளானில் ஒருநாள் காலை. ஃபஜ்ருத் தொழுகை முடிந்து பள்ளியின் வாசற்படியில் நின்றிருந்தோம். நகராட்சியின் தூய்மைப் பணியாளரான ஒரு சகோதரி, முந்திய மாலை இஃப்தாரில் சேர்ந்த குப்பை மூட்டையை வண்டியில் ஏற்ற வந்தார். கஞ்சிக் குவளைகள், பேரீச்சங்கொட்டைகள், வடைத் துண்டுகள், பழத்தோல்கள், பிளாஸ்டிக் பைகள் அனைத்தும் ஒன்றாய்க் கலந்து ஊறிக் கிடந்தன. அவற்றைக் கையால் பிரிக்க முயன்றவர் சட்டெனக் கையை இழுத்துக்கொண்டார். உள்ளங்கையிலிருந்து இரத்தம் வழிந்தது. மூட்டைக்குள் உடைந்த ட்யூப் லைட்டின் துண்டுகள் இருந்தன.

ஜமாஅத்தார்களே! அந்த விளக்கு நம் அறையிலிருந்து கழற்றப்பட்டது. “குப்பையில் போட்டுவிடு” என்று மத்ரஸா மாணவரிடம் சொன்னவரும் நாமே.

அச்சகோதரி நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பள்ளியின் குழாயில் கையைக் கழுவி, முந்தானையைச் சுற்றிக்கொண்டு, “பிரிச்சுப் போட்டா போதும் பாய்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மறுநாள் அவரை எதிர்பார்த்து நின்று, மருந்துச் செலவைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். அவரும் மன்னித்தார். ஆயினும் அன்று முதல் ஒரு கேள்வி நம்மை விட்டபாடில்லை.

அடியார்களின் உரிமை

அல்லாஹ்வுக்குச் செலுத்த வேண்டிய கடமையில் குறை வைத்தவன், தவ்பாச் செய்து அவனிடமே மன்றாடலாம். மனிதனுக்கு இழைத்த தீங்கு அவ்வாறன்று. பாதிக்கப்பட்டவரிடமும் பொறுப்புத் தேட வேண்டும். இதுவே ஹக்குல் இபாத் எனப்படும் அடியார்களின் உரிமை. தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் நிரம்பியிருந்தும், பிறருக்கு இழைத்த தீங்குகளுக்கு ஈடாக அந்நன்மைகளையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையனாய் நிற்பவனையே உண்மையில் திவாலானவன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருப்பது முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது.

நம் கேள்வி இதுதான். பள்ளிவாசலில் காயமுற்றவரை நாம் நேரில் கண்டோம். ஆனால் நம் வீட்டு மூட்டையைத் திறந்து கையிடுபவர் யார்? அவர் பெயர் நமக்குத் தெரியுமா? எந்தக் கண்ணாடித் துண்டு எவர் கையைக் கிழித்தது, எந்த ஊசி எவர் விரலில் ஏறியது என்று நாம் அறிவோமா? யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்றே தெரியாத கடனை எப்படி அடைப்பது? அடைக்க வழியில்லாத கடனை வாங்காமல் இருப்பதே வழி.

நகராட்சி செய்த பாதி

ஊராட்சி மன்றங்களும் நகராட்சிகளும் எதையுமே செய்வதில்லை என்று சொல்லிப் பழகிவிட்டோம். நியாயமாகப் பார்ப்போம். நகரக் குப்பையைக் கையாள நம் நாட்டில் 2000ஆம் ஆண்டிலேயே தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை வீட்டாரின் கடமையாக்கின. ட்யூப் லைட், மின்கலம், காலாவதியான மருந்து, ஊசி ஆகியன அந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. தமிழக நகரங்கள் பலவற்றில் நுண் உர மையங்கள் கட்டப்பட்டன. நம்மூரிலும் வீடுதோறும் வண்டி வருகிறது. உர மையமும் இயங்குகிறது.

அம்மையத்தில் நடப்பது எளிய வேலைதான். காய்கறித் தோலும் மீந்த சோறும் தொட்டிகளில் இடப்பட்டு, சாணக் கரைசல் தெளிக்கப்பட்டு, காற்றுப் படும்படி அவ்வப்போது கிளறப்படுகின்றன. ஏறத்தாழ இரண்டு மாதத்திற்குள் அவை மண்வாசம் வீசும் உரமாகின்றன. ஆனால் அத்தொட்டிக்குள் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்து வந்தால் அது உரமன்று. எந்த விவசாயியும் அதைத் தன் வயலில் இடமாட்டார். கலந்த குப்பையைப் பிரிக்க ஆளில்லாதபோது அது நேரே கிடங்குக்குப் போகிறது. அங்கே காற்றுப் புகாத அடுக்குகளில் அழுகி மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. அவ்வாயு, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வலியது. தீப்பிடித்தால் எளிதில் அணையாது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடியிலும், 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரத்திலும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் குப்பைக் கிடங்குகள் நாள்கணக்கில் எரிந்து சுற்றியிருந்தோரை மூச்சுத் திணற வைத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

ஆக, மையம் கட்டுவதும் வண்டி அனுப்புவதும் நகராட்சியின் பாதி. அடுப்படியில் இரண்டு கூடை வைப்பது நம் பாதி. நம் பாதி இல்லையேல் அவர்களின் பாதி வீண்.

ஆலப்புழை தரும் படிப்பினை

கேரளத்தின் ஆலப்புழை நகரம் நெடுங்காலமாகத் தன் குப்பையை ஊருக்கு வெளியே சர்வோதயபுரம் என்னும் இடத்தில் கொட்டிவந்தது. துர்நாற்றத்தையும் கெட்டுப்போன நிலத்தடி நீரையும் சகித்துச் சகித்து, 2012இல் அப்பகுதி மக்கள் வண்டிகளை மறித்துவிட்டனர். நகரத் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. கொட்ட வேறிடம் கிடைக்காத நிலையில், நகராட்சி வீட்டிலேயே தீர்வைத் தேடியது. மக்கும் குப்பையை உருவான இடத்திலேயே உரமாக்கக் குழாய் உரக்கலன்களும், சிறு சமையல் எரிவாயுக் கலன்களும், தெருக்களில் பொது உரத் தொட்டிகளும் அமைக்கப்பட்டன. 2017இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, கழிவைச் சிறப்பாகக் கையாளும் உலக நகரங்கள் ஐந்தனுள் ஒன்றாக ஆலப்புழையைப் பாராட்டியது.

இதில் நமக்குள்ள பாடம் எது? ‘ஊருக்கு வெளியே’ என்று நாம் சொல்லும் இடம் வேறொருவருடைய ஊர். நாம் கொட்டுவது எவரோ ஒருவருடைய வாசலில். அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்பவனின் ஈமானைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை மிம்பரில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். குப்பை வண்டி ஏறிப் போய்விட்டால் அந்த எச்சரிக்கையிலிருந்து தப்பிவிட்டோம் என்று பொருளாகாது.

சில மறுப்புகள்

“நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?” என்று சிலர் கேட்கின்றனர். அவ்வாறு நடந்ததை நாமும் கண்டோம். கமிட்டியின் வாயிலாக அதை எழுத்துமூலம் முறையிட்டும் இருக்கிறோம். ஆனால் ஒருவர் தம் அமானிதத்தை வீணாக்கினார் என்பதற்காக நம் அமானிதத்தை நாம் வீணாக்க மார்க்கத்தில் இடமில்லை. தவிரவும், பிரித்துக் கொடுத்தவனுக்கே கேள்வி கேட்கும் தகுதி உண்டு.

“வீட்டில் பெண்களுக்கு இருக்கும் வேலை போதாதா?” என்பது அடுத்த கேள்வி. மிகச் சரி. ஆகவே இது ஆண்களின் வேலையாகட்டும். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் துணைநின்றார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. கூடையை எடுத்துச் சென்று வண்டியில் கொடுப்பதால் எந்த ஆணின் கண்ணியமும் குறைந்துவிடாது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று படித்தவர்கள் நாம்.

நீரும் பையும்

மழைநீர்ச் சேகரிப்பை எண்ணிப் பாருங்கள். 2003இல் தமிழகம் முழுவதும் எல்லாக் கட்டடங்களிலும் அது கட்டாயமாக்கப்பட்டது. அவசர அவசரமாகக் குழாய் பதித்தோம். அதன்பின் எத்தனை பேர் அந்தக் குழியின் மணலையும் சல்லியையும் கிளறிப் பார்த்தோம்? ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், 100 சதுர மீட்டர் மாடி மட்டும் 90,000 லிட்டர் நீரைத் தாங்கி நிற்கிறது. 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்ட நாட்களை நினைத்தால் இதன் அருமை புரியும்.

உளூச் செய்ய நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஒரு ‘முத்’ அளவு நீர் போதுமானதாயிருந்தது. மத்ஹபுகளின் கணக்கு வேறுபட்டாலும் அது ஒரு லிட்டரைப் பெரிதும் தாண்டாது. நம் ஹவுளுக்கு அருகிலுள்ள குழாயின் கீழ் ஒருநாள் வாளியை வைத்துப் பார்த்தோம். ஒருவர் உளூ முடிப்பதற்குள் பாதி வாளி நிறைந்தது. வணக்கத்திற்கான தயாரிப்பே வீண்விரயமாவதை என்னவென்று சொல்வது?

பிளாஸ்டிக் பையும் அப்படியே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. ஆனால் சட்டம் வந்த பின்னும் நம் பள்ளியில் நோன்புக் கஞ்சி பிளாஸ்டிக் பையில் கட்டித் தரப்பட்டது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். நம் முன்னோர் தூக்குவாளியோடு வந்து கஞ்சி வாங்கிப் போனார்கள். அவர்களுக்கு எவரும் சட்டம் போடவில்லை.

ஜமாஅத்தின் முன் வைக்கும் கோரிக்கைகள்

எனவே இம்மன்றத்தில் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம். ஒன்று, வரும் ரமளானில் கஞ்சி வாங்க அனைவரும் பாத்திரம் கொண்டுவர வேண்டும். மறந்து வருவோருக்காகக் கமிட்டி சில தூக்குவாளிகளை வாங்கி வைக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கூடைகள். கண்ணாடி, ஊசி, மின்கலம் போன்றவற்றுக்குத் தனியே ஒரு பெட்டி. டயப்பர், நாப்கின் போன்றவை தாளில் நன்கு பொதியப்பட வேண்டும். மூன்று, நிகாஹ் விருந்துகளில் இலையும் கழுவிப் பயன்படுத்தும் குவளையும். மீந்த உணவு வீணாகுமுன் உரியவரிடம் சேரவேண்டும். நான்கு, மழைக்காலத்திற்கு முன் பள்ளியின் சேகரிப்புக் குழியைத் தூர்வாரி, உளூக் குழாய்களின் நீர் வரத்தைக் குறைக்க வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. நகராட்சியின் அறிவிப்புக்கு அஞ்சிச் செய்தால் அபராதத்திலிருந்து தப்பலாம். அல்லாஹ்வுக்காக என்ற நிய்யத்தோடு செய்தால் அதே கூடை நன்மையின் தட்டில் ஏறும். வேலை ஒன்றே, நிய்யத்தே அதன் எடையைத் தீர்மானிக்கிறது.

நம் அறையில் இப்போது உடைந்த பொருட்களுக்கென ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. அதன்மேல் ‘கண்ணாடி, கவனம்’ என்று மாணவர்கள் தம் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சகோதரி இப்போதும் அதிகாலையில் வருகிறார். பெட்டியைத் தனியாக வாங்கி வண்டியின் ஓரத்தில் வைத்துக்கொள்கிறார். அவருடைய உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதைக் காண்கிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் அழுக்கைத் தம் கைகளால் அள்ளுவோரின் கைகளைப் பாதுகாப்பாயாக. நாங்கள் அறிந்தும் அறியாமலும் அவர்களுக்கு இழைத்த தீங்குகளை அவர்கள் மன்னிக்கும்படி அவர்களின் உள்ளங்களை இளகச் செய்வாயாக. எங்கள் வீடுகளையும் தெருக்களையும் எங்கள் கணக்கேட்டையும் தூய்மையாக்குவாயாக. ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.