கொட்டில் பூட்டியிருந்தால் சிறுத்தையும் பிழைக்கும், ஆடும் பிழைக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆடு வளர்ப்புக் குழுக்களின் சார்பில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. "உனக்கு நடந்ததை அப்படியே சொல்லு, போதும்" என்று தலைவி அக்கா சொன்னாங்க. அதனால் நடந்ததைச் சொல்றேன்.

குழுக்கடன் வாங்கி எட்டு கன்னி ஆடு வாங்கினேன். மலையடிவாரத்தில் வீடு. வீட்டுக்குப் பின்னால் பனைமட்டை வேலி போட்டு, மேலே கூரை இல்லாத பட்டியில் அடைச்சிருந்தேன். ஒருநாள் ராத்திரி சிறுத்தை உள்ளே குதிச்சிட்டு. விடியக்காலம் போய்ப் பார்த்தா இரண்டு ஆடு பட்டியிலேயே செத்துக் கிடக்கு. சினையாக இருந்த ஆட்டை ஓடைக்கரை வரைக்கும் இழுத்துப் போட்டிருக்கு. பாதி தின்ன மிச்சம் அங்கே கிடந்தது. அன்றைக்கு எனக்குப் பதினாலு தவணை பாக்கி.

பக்கத்து வீட்டு மதினி வந்து பார்த்துட்டு, "மிச்சக் கறியைத் திங்க அது திரும்பி வரும். வாழைக்குப் போடுற குருணை மருந்தை அதுல தூவிரு. தின்னுட்டுச் சாகட்டும்" என்றாள். நான் ஒளிக்க விரும்பவில்லை. மருந்துப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடை வரைக்கும் போனேன்.

அப்போது எங்கள் குழுத் தலைவி வந்தாங்க. "ஏட்டி, அந்தக் கறியை முதல்ல திங்க வாரது சிறுத்தைன்னு நினைச்சியா? நம்ம தெரு நாயும் காக்காயும்லா முதல்ல வரும். மழை பெஞ்சா மருந்து ஓடைத் தண்ணியில கலக்கும். மிச்சம் அஞ்சு ஆட்டை எங்க கொண்டு தண்ணி காட்டுவ?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் இல்லை. சிறுத்தையைக் கொன்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஆடும் போய், கடனும் நின்று, நானும் ஜெயிலுக்குப் போயிருந்தால் என் பிள்ளைகள் கதி என்ன?

சிறுத்தை ஏன் நம்ம வீட்டுக்கு வருது என்று கேட்கிறோம். நாம இருக்கிற இடத்தைப் பாருங்க. முண்டந்துறை 1962-லேயே புலிகள் சரணாலயம். களக்காடு 1976-ல் சரணாலயம் ஆனது. இரண்டையும் சேர்த்து 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆக்கினாங்க. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் நம்ம பொதிகை மலையில்தான். குற்றாலத்திலேயே ஒரு அருவிக்குப் புலியருவி என்று பேர். நமக்கு முன்னாலேயே அது இங்கே இருந்திருக்கு.

காட்டில் மானும் குரங்கும் பன்றியும் சிறுத்தைக்கு இரை. பன்றிக்குட்டியை அது பிடிக்கிறதால் நம்ம வயலுக்கும் கொஞ்சம் லாபம்தான். ஆனால் கூரையில்லாத பட்டியும் குப்பைமேட்டில் சுற்றுகிற நாயும் கையில் கிடைத்தால், கஷ்டப்பட்டு வேட்டையாட அதுக்கு என்ன தலையெழுத்தா?

"கூண்டு வச்சுப் பிடிச்சு வேற காட்டுல கொண்டு விடுங்க" என்று நாம எல்லாரும் கேட்கிறோம். மகாராஷ்டிராவில் ஜுன்னர் பக்கம் 2001-லிருந்து அப்படித்தான் நிறையச் சிறுத்தைகளைப் பிடித்து வேறு இடத்தில் விட்டாங்க. அங்கே மனுஷர்களைத் தாக்குவது குறையவில்லை, கூடிப்போச்சு. வித்யா ஆத்ரேயா என்ற பெண் ஆராய்ச்சியாளர் இதைப் படித்து எழுதியிருக்காங்க. பழக்கமில்லாத இடத்தில் விட்ட மிருகம் தடுமாறும். அதனால் சிறுத்தையை இடம் மாற்றுவதை விட, நம்ம பட்டியை மாற்றுவதுதான் வழி.

இப்போ நாய் கதைக்கு வாரேன். ஆப்பிரிக்காவில் நமீபியா என்று ஒரு நாடு. 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் குனோ காட்டுக்கு எட்டுச் சிவிங்கிப்புலிகள் வந்ததே, அந்த நாட்டிலிருந்துதான். அங்கே ஆடு மாடு வளர்க்கிறவர்கள் 1980-களில் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் சிவிங்கிப்புலிகளைக் கொன்றாங்க. லாரி மார்க்கர் என்ற பெண்மணி தொடங்கிய அமைப்பு, 1994-லிருந்து துருக்கி நாட்டுக் காவல் நாய்க்குட்டிகளை வளர்த்து அந்த விவசாயிகளுக்குக் கொடுத்தது. நாய் வந்த பிறகு ஆட்டு இழப்பு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக விவசாயிகள் சொல்றாங்க. ஆடு சாகாவிட்டால் துப்பாக்கி எடுக்க வேண்டிய வேலை இல்லை. இன்றைக்கு அந்த இடத்தைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வாராங்க. அங்கேயே ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்தும் விற்கிறாங்க.

இதைக் கேட்டுட்டு உடனே ஒரு நாயை வாங்கிச் சங்கிலியில் கட்டிவிடாதீங்க. சிவிங்கிப்புலி கூச்சமுள்ளது, குரைத்தால் விலகிப் போகும். சிறுத்தை அப்படியில்லை. நாயே அதுக்கு இரை. எங்க தெருவில் வாசலில் கட்டிப் போட்ட நாயைச் சங்கிலியோடு சேர்த்து இழுத்துட்டுப் போச்சு. கட்டின நாய்க்கு ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. இமயமலையில் ஆடு மேய்க்கிறவர்கள் நாய்க்குக் கழுத்தில் இரும்பு முள் வைத்த பட்டை போடுவது இதுக்காகத்தான்.

அதனால் முதல் காவல் கொட்டில். இரண்டாவது காவல்தான் நாய். நான் செய்ததைச் சொல்றேன். நாலு பக்கமும் கம்பி வலை, மேலே தகரம், கதவுக்குக் கொண்டி. சிறுத்தை மரமே ஏறும், அதனால் மேலே மூடாத கொட்டில் கொட்டிலே இல்லை. பொழுது சாய முன்னால் ஆட்டை அடைச்சிடுவேன்.

நாய்க்கு வேட்டை நாய் வேண்டாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் பேர்போன நாய்கள்தான், ஆனால் அதுகளுக்கு விரட்டிப் பிடிக்கிற குணம் உண்டு. நமக்கு வேண்டியது ஆட்டை விட்டுப் போகாத நாய். கிடை போடுகிற கோனார் வீட்டு நாயைப் பாருங்க. சாதாரண நாட்டு நாய்தான், ஆனால் கிடையை விட்டு நகராது. ஆறு எட்டு வாரக் குட்டியிலேயே ஆட்டுக்குட்டிகளோடு விட்டு, சோறும் அங்கேயே வைத்து, அங்கேயே தூங்க விடணும். அப்போதான் ஆட்டைத் தன் கூட்டம் என்று நினைக்கும். நான் இரண்டு நாய் வளர்க்கிறேன். ராத்திரி கட்டாமல் வலைக்கு உள்ளே விட்டிருப்பேன். அது வித்தியாசமாகக் குரைத்தால் வீட்டு லைட்டைப் போட்டுச் சத்தம் கொடுப்பேன், ஆனால் வெளியே போக மாட்டேன்.

நாய் வளர்த்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருஷா வருஷம் போடணும். குடும்பக்கட்டுப்பாடு செய்யணும். மேய்ச்சலுக்குப் போகும்போது காட்டுக்குள் விடக்கூடாது. நம்ம நாயின் நோய் செந்நாய்க்குத் தொற்றும், மானையும் விரட்டும்.

மூணு வருஷம் ஆச்சு. சிறுத்தை வராமல் இல்லை. ஓடை மணலில் அதன் தடத்தை இப்பவும் பார்க்கிறேன். கொட்டிலிலிருந்து ஒரு ஆடு போகவில்லை. பதினாலு தவணையும் கட்டி முடிச்சிட்டேன்.

குற்றாலத்தில் கடை போடுகிற அக்காமாருக்கும் இதில் பங்கு இருக்கு. ஜூன் மாசம் சாரல் விழுந்தால்தான் நமக்குச் சீசன், சீசன் இருந்தால்தான் வியாபாரம். அந்தத் தண்ணி காட்டிலிருந்து வருது. ஆனால் நாம போடுகிற சோற்று மிச்சத்துக்குத் தெரு நாய் சேருது, நாய்க்குப் பின்னாலேயே சிறுத்தை வருது. தேக்கடியில் பாருங்க, பெரியார் புலிகள் காப்பகத்தில் 2002-லிருந்து 'வசந்த சேனா' என்று நம்மைப் போன்ற பெண்கள், கூலி வாங்காமல் முறை வைத்துச் சந்தனக்காட்டுக்கு ரோந்து போறாங்க. பரம்பிக்குளத்தில் பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போகிற வழிகாட்டிகள் அங்கே வாழ்கிற பழங்குடி மக்களே. காட்டைப் பார்க்க வருகிறவர்களின் காசு காட்டோரத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், சிறுத்தை சாகணும் என்று யாரும் நினைக்க மாட்டாங்க. அப்படி ஒரு வேலை நம்ம பக்கத்துப் பெண்களுக்கும் கிடைக்கக் கூட்டமைப்பு வனத்துறையிடம் கேட்கணும்.

கடைசியாக மூணு கோரிக்கை. ஒன்று, ஆடு வாங்கக் கடன் கொடுக்கிறோம், கொட்டிலுக்குக் கொடுப்பதில்லை. மலையடிவாரக் குழுக்களுக்கு இரண்டையும் சேர்த்தே கொடுக்கணும். நான் கொட்டிலுக்கு நகையை அடகு வைத்தேன், இன்னொருத்தி வைக்கக்கூடாது. இரண்டு, ஆடு வாங்கிய வாரமே காப்பீடு செய்து காதில் வில்லை போட்டதை ஊக்குநர் பார்க்கணும். மூணு, சிறுத்தை ஆட்டை அடித்தால் செத்த ஆட்டை நகர்த்தாமல், போட்டோ எடுத்து, வனத்துறைக்கும் கால்நடை டாக்டருக்கும் அன்றைக்கே சொல்லணும். நிவாரணம் வர நாளாகும். எனக்கும் நாளாச்சு. அதுவரைக்கும் அந்த உறுப்பினரின் தவணையைக் குழு தள்ளி வைக்கணும். கையில் மருந்துப் பொட்டலத்தோடு ஓடைக்குப் போனவள் சொல்றேன், அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் வந்து நிற்பதுதான் முக்கியம். எனக்கு என் குழு வந்து நின்றது.