அம்மா திட்டிய சூரியன்

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரி ஐயா. பிடிக்காத அதிகாரியைத் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்து"ன்னு சொல்வாங்களே, அந்தச் சீமை! (சிரிப்பு)

எங்க அம்மா சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டவங்க. மேலே வெயில், கீழே நெருப்பு. "இந்தச் சூரியனால யாருக்கு என்ன லாபம்?"னு திட்டுவாங்க. அதே வெயிலை நம்பித்தான் 2016-ல் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அம்மா திட்டின வெயில் சம்பாதிக்க ஆரம்பிச்சிடுச்சு ஐயா! (கைதட்டல்)

நிலக்கரி உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள். எரிஞ்சு சாம்பலாக ஒரு பொழுது. சூரிய ஒளியோ எட்டு நிமிஷத்தில் வந்து சேருது. எவ்வளவு எடுத்தாலும் குறையாது. ஆனா, பலகை வைக்கிற நிலம் குறையும். அந்தப் பலகையில் இருக்கும் கண்ணாடி, அலுமினியம், வெள்ளி எல்லாம் மண்ணிலிருந்து எடுத்தவைதானே? அதனால முதல்ல நம்ம மொட்டை மாடியில் வைப்போம். மேய்ச்சல் நிலத்தை ஆட்டுக்கு விடுவோம்.

அம்மா ஒரு கரித்துண்டைக்கூட வீணாக்கினதில்லை. அதில் அவங்க வேர்வை இருந்தது. வெயில் சும்மா கிடைக்குதுங்கிறதுக்காக, பட்டப்பகலில் விளக்கை எரியவிடலாமா ஐயா? (கைதட்டல்)